சிந்தாமணி படித்த வீடுகள்

தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் நகரத்துப் பள்ளியில் தன் சமயத்தைச் சொன்னவுடன், அடுத்து எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: “உங்கள் சொந்த ஊர் இராஜஸ்தானா, குஜராத்தா?” வந்தவாசியையோ திண்டிவனத்தையோ அடுத்த சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த குடியிற் பிறந்து, தமிழன்றி வேறு தாய்மொழி அறியாத அப்பிள்ளைக்கு அவ்வினா வியப்பைத் தருகிறது. விடை தெரியாதபோது நாணத்தையும் தருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துச் சமணர் ஏறக்குறைய 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அத்தொகையுள் அடங்குவர். எண்ணிக்கையில் இத்துணைச் சிறியதான ஒரு சமூகத்துக்குத் தன்னைத் தான் அறிதல் என்பது பொழுதுபோக்கன்று. நிலைபேற்றுக்கே உரிய தேவை.

முன்னோர் வரலாறு ஒரு மக்கட்குத் தன்னம்பிக்கை தருகிறது என்பது பலரும் கூறும் கூற்று. ஆயின் எத்தகைய வரலாறு அதனைத் தருகிறது என்பதே எண்ணற்குரியது. “நாங்கள் தொன்மையானவர்கள்” என்னும் பொதுவுரை ஒரு வினாவுக்குக்கூட விடையாகாது. இன்ன ஊர், இன்ன மலை, இன்ன நூல், இன்னார் செய்த அறம் என்று வீட்டளவில் அறிந்து போற்றப்படும் வரலாறே தலை நிமிரச் செய்கிறது. இதற்குத் தமிழ்ச் சமணர் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உ. வே. சாமிநாதையர் தமிழாசிரியராக அமர்ந்திருந்த காலம். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், இளம்புலவர் கற்றிருந்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றின் நீண்ட வரிசையைக் கேட்டும் நிறைவுறாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஏட்டுப்பிரதியைக்கூட அதுவரை கண்டிராத சாமிநாதையர் அன்றுமுதல் அந்நூலை ஆராயத் தொடங்கினார். சொற்களுக்குப் பொருள் காண இலக்கணப் பயிற்சி உதவிற்று. சமண சமயக் கோட்பாடுகளோ அவருக்கு எட்டவில்லை. தமிழ்க் கல்வி நிறைந்த மடங்களிலும் அவற்றை விளக்குவார் இல்லை.

அவற்றை விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமண இல்லறத்தார். சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டிற்குச் சாமிநாதையர் சென்றபோது, அங்கே சிந்தாமணி பாராயணம் நிறைவுற்றதை விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். புலவர் உலகம் மறந்த காப்பியம் ஒரு வணிகர் வீட்டில் வழிபாட்டு நூலாகப் பயிலப்பட்டு வந்தது. வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடமும் அவர் தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் அச்சேறியது. தமிழின் பழைய காப்பியங்கள் மீண்டும் வெளிச்சம் பெற்ற வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

அவ்வுரையைப் பற்றியும் ஒரு வழக்கு வழங்கி வருகிறது. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அவர் சித்தாமூருக்கு வந்து சமண நூல்களைப் பயின்று உரையைத் திருத்தி எழுதினார் என்றும் கூறுவர். பேருரையாசிரியரிடத்திலும் “இது எம் சமயப் பொருளன்று” என்று எடுத்துரைக்கும் துணிவு முன்னோர்க்கு இருந்ததாக இவ்வழக்கு நினைவுகூர்கிறது. அத்துணிவு செல்வத்தாலோ அதிகாரத்தாலோ வந்ததன்று. தம் நூலைத் தாம் ஐயமறக் கற்றிருந்தமையால் வந்தது.

அறிவு காத்தது நூலை மட்டுமன்று, சமூகத்தையும் காத்தது. செஞ்சிப் பகுதியில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்ததாகச் சொல்லப்படும் இடுக்கணைத் தென்னார்க்காட்டு முதியோர் வழிவழியாக உரைத்து வந்தனர். ஆங்கிலேயர் கால மாவட்ட விவரச் சுவடியும் அதனைப் பதிந்துள்ளது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவனின் சினத்துக்கு ஆளான சமணர் பலர் ஊர்விட்டு ஓடினர். பலர் நீறு பூசிச் சைவராயினர். வேலூர் என்னும் சிற்றூரில் வீரசேனாசாரியர் தம் சமய ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கையில் காவலரிடம் அகப்பட்டார். விடுவிக்கப்பட்டபின் அவர் சிரவணபெளகொளவை அடைந்தார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் பெற்றிருந்தார். இடர் நீங்கியதும் அவரே சென்று வீரசேனாசாரியரை அழைத்துவந்தார். சமயம் மாறியிருந்தோர் மீண்டும் அருகனடி சேர்ந்தனர் என்பது அவ்வரலாறு.

இது கல்லிற் பொறித்த செய்தியன்று. ஊரார் நினைவிற் பொறித்த செய்தி. அந்நினைவைக் காத்த முறையே சிறப்புடையது. காங்கேய உடையார் மரபினர்க்குச் சமணர் தம் சடங்குகளில் முதல் தாம்பூலம் அளித்துச் சிறப்புச் செய்தனர். ஏட்டறிவு இல்லாதவரும் அத்தாம்பூலத்தைக் கண்டு “இவர்க்கு ஏன் முதலில்?” என்று வினவினால் வரலாறு முழுவதும் விடையாக வரும்.

நினைவு ஒருபுறமிருக்க, கல்லும் பேசுகிறது. மதுரைக்கு அருகே மாங்குளத்து மலைக்குகையில் கணி நந்தாசிரியர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி, தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக விளங்குகிறது. அதில் நெடுஞ்செழியன் பெயரும் உண்டு; வெள்ளறை வணிகர் குழுவின் பெயரும் உண்டு. 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்த இவ்வெழுத்துகளைத் தமிழென முதலில் யாரும் உணரவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என நிறுவினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றின் வாசகத்தைத் தெளிவுபடுத்தினார். பள்ளிப் பிள்ளையின் நாணத்தைப் போக்கும் விடை இக்குகையிலேயே உள்ளது. சமணம் இம்மண்ணில் நேற்று வந்து குடியேறியதன்று. தமிழ் எழுதத் தொடங்கிய காலத்திலேயே இங்கே இருந்தது.

வடதமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அணித்தாகவே வேறு சான்றுகள் உள்ளன. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அக்குன்றின் கல்வெட்டு கூறுகிறது. வேடல் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழன் காலத்துப் பெண் துறவியான கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணாக்கரையும் குறிக்கிறது. பெண்ணொருத்தி ஆசிரியராக வீற்றிருந்த மரபு தங்களுடையது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த சமணப் பெண்மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

வரலாற்றை அறிதல் பெருமிதத்துக்கு மட்டும் உரியதன்று. மனத்தின் கசப்பை நீக்குவதற்கும் உரியது. மதுரையில் சமணர் கழுவேறினர் என்னும் கதையைக் கேட்டு வளரும் சமணப் பிள்ளைகள் உளர். அந்நிகழ்ச்சிக்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று இல்லை. அக்கதைக்குரிய காலத்துக்குப் பின்னரும் பாண்டி நாட்டிலேயே கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக வடிக்கப்பட்டன. 9ஆம் நூற்றாண்டில் சீவல்லவ பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுப்பித்தான். சமயப் பூசல் இருந்ததை மறைக்கவும் வேண்டா. அதுவொன்றே வரலாறு என மயங்கவும் வேண்டா. சைவம் தழைத்த சோழர் குடியிற் பிறந்த குந்தவைப் பிராட்டியார், திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தபோதே ஜினாலயமும் எடுத்தார். போளூர்க்கு அருகிலுள்ள திருமலையிலும் அவர் பெயரால் ஜினாலயம் உண்டு. அம்மலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதர் திருமுன் நிற்பவர்க்கு வெறுப்பு எழாது, தெளிவே எழும்.

இத்தெளிவைப் பிறர்க்கும் உணர்த்தியோர் இச்சமூகத்திலேயே தோன்றினர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியைப் பதிப்பித்தார். தமிழில் உள்ள சமண இலக்கியங்களைப் பற்றி ஆங்கிலத்தில் தனிநூல் எழுதினார். குந்தகுந்தரின் பிராகிருத நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தார். உலகத் தத்துவங்களைக் கற்ற அப்பெருமகனார்க்குத் தம் முன்னோர் நூல் சிறிதாகத் தோன்றவில்லை. வேரை அறிந்தமையே அவரை அகன்ற உலகில் அச்சமின்றி நடக்கச் செய்தது.

இன்று நிலை மாறியிருக்கிறது. கல்வியும் பணியும் குடும்பங்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் கொண்டு சென்றுள்ளன. ஊர் ஜினாலயத்தில் விளக்கேற்றுவோர் சில இடங்களில் முதியோர் இருவர் மூவரே. குன்றின் பெயரும் அதிலுள்ள உருவங்களின் பெயரும் அறியாத தலைமுறைக்கு அக்குன்று வெறும் கல்லாகிவிடும். கல்லென்று மட்டும் கருதப்படும் குன்று உடைபடும்போது தடுக்க எழும் குரலும் இராது.

பெருஞ்செலவில் செய்ய வேண்டிய பணியன்று இது. விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகளை அருகிலுள்ள மலைக்கு அழைத்துச் சென்று கல்வெட்டைக் காட்டலாம். பாட்டியார் சொல்லும் ஸ்ரீபுராணக் கதைகளை அவர் குரலிலேயே பதிந்து வைக்கலாம். பரணில் உள்ள ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்காமல் படியெடுத்துக் காக்கலாம். மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளி நாளில் சிந்தாமணியின் சில செய்யுட்களையாவது பொருளுடன் ஓதலாம்.

1880இல் ஓர் இளம்புலவர் தமிழகத்துக்கே தெரியாத ஒன்றைத் தேடி ஒரு சமண வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவ்வீட்டார் அறிந்திருந்தனர்; ஆதலின் ஒரு காப்பியம் பிழைத்தது. அத்தகைய ஒருவர் இன்று மீண்டும் வந்து நின்றால் வீட்டிலுள்ளோர் என்ன விடை கூறுவர் என்பதே இத்திருநாளில் ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. அவ்விடையை அறிந்த வீட்டில் வளரும் பிள்ளை, “உங்கள் சொந்த ஊர் எது?” என்று பள்ளியில் கேட்கப்படும்போது தயங்காது விடை சொல்லும்.