ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சை: வீடு திரும்பியபின் முதல் 2 நாட்களில் கவனிக்க வேண்டியவை

முகத்திலும் கழுத்திலும் தளர்ந்து தொங்கும் தோலை இறுக்கிச் சீரமைக்கும் 'ஃபேஸ்லிஃப்ட்' அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகின்றனர். ஆனால் இச்சிகிச்சையில் அதிகம் காணப்படும் சிக்கலான இரத்தத் தேக்கம் பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றுகிறது. எனவே அதை முதலில் காணும் வாய்ப்பு மருத்துவரைவிட உடனிருக்கும் குடும்பத்தினருக்கே அதிகம்.

இந்த அறுவையில் நெற்றிப்பொட்டின் முடியோரத்தில் தொடங்கி, காதின் முன்புறமாக இறங்கி, காதுமடலைச் சுற்றிப் பின்கழுத்து முடி வரை கீறல் இடப்படுகிறது. கன்னத்தின் தோல் அடித்தளத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அதன் கீழுள்ள தசைநார்ப் படலம் மேல்நோக்கி இழுத்துத் தைக்கப்படுகிறது. 'ஸ்மாஸ்' எனப்படும் இந்தப் படலத்தை 1976-ஆம் ஆண்டு பிரான்ஸைச் சேர்ந்த மிட்ஸ், பெய்ரோனி ஆகியோர் விவரித்த பின்னரே, தோலை மட்டும் இழுத்துத் தைக்கும் பழைய முறை மாறியது. மிகுதித் தோல் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது மீண்டும் பொருத்தப்படுகிறது. பிரித்துப் பொருத்தப்பட்ட அந்தத் தோல் சில நாட்களுக்கு மெலிந்த இரத்த ஓட்டத்தை நம்பியே உயிர்வாழ்கிறது. அதன் அடியில் இரத்தம் தேங்கினால் அழுத்தம் கூடி, தோலின் ஒரு பகுதி கறுத்து அழுகிவிடக்கூடும். வீட்டில் பின்பற்றச் சொல்லும் விதிகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

எது இயல்பு, எது ஆபத்து

அறுவைக்குப் பின் முகம் முழுவதும் வீங்குவதும், தோல் இறுகியிருப்பதும், கண்ணுக்குக் கீழும் தாடையிலும் கன்றிப்போவதும் இயல்பானவை. வலி பொதுவாகப் பாராசிட்டமால் மாத்திரைக்கு அடங்கும் அளவிலேயே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பருத்து, கல்போல் இறுகி, ஊதா நிறமாக மாறி, வலி நேரத்திற்கு நேரம் கூடினால் அது இரத்தத் தேக்கத்தின் அறிகுறி. அந்நிலையில் இன்னொரு வலி மாத்திரை கொடுத்து உறங்க வைப்பதே பெரும் தவறாகும். நள்ளிரவானாலும் அறுவை செய்த மருத்துவரை அழைக்க வேண்டும். உரிய நேரத்தில் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றிவிட்டால் பெரும்பாலும் தோல் காப்பாற்றப்படுகிறது. கழுத்து வீங்கி மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் ஏற்பட்டால், தாமதமின்றி அவசர ஊர்தியை வரவழைக்க வேண்டும்.

இரத்தத் தேக்கத்திற்கு முதன்மையான தூண்டுகோல் உயர் இரத்த அழுத்தம். ஆண்களுக்குத் தாடிப் பகுதியில் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால், அவர்களிடம் இச்சிக்கல் பெண்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவர் வேறுவிதமாகக் கூறாத நிலையில், ஒரு வேளையும் அதைத் தவறவிடக் கூடாது. வாந்தி, இருமல், மலச்சிக்கலால் முக்குதல், கீழே குனிதல் ஆகிய யாவும் முகத்தில் இரத்த அழுத்தத்தை நொடியில் உயர்த்துபவை. இந்திய வீடுகளில் இது சிறிய விஷயமன்று. தரைமட்டக் கழிவறையில் குந்தி அமர்வது, குனிந்து கோலமிடுவது, பெரியோர் காலைத் தொட்டு வணங்குவது, பேரக்குழந்தையைத் தூக்குவது என அன்றாடச் செயல்கள் பலவும் இதில் அடங்கும். முதல் இரண்டு வாரங்களுக்காவது இவற்றைத் தவிர்ப்பது நலம். தரைமட்டக் கழிவறை மட்டுமே உள்ள வீட்டில், கமோடு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம்.

உறங்கும்போது மல்லாந்து படுத்து, தலையும் மேல்முதுகும் சுமார் 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும். இதற்காகத் தலைக்கு மட்டும் மூன்று நான்கு தலையணைகளை அடுக்குவது பலர் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் தாடை மார்பை நோக்கி மடங்கி, கழுத்துத் தோலின் இரத்த ஓட்டம் தடைபடும். முதுகிலிருந்தே சாய்வாக உயரும் வகையில் சாய்தலையணையோ சாய்வு நாற்காலியோ அமைத்துக்கொள்வது பொருத்தமானது. அதே வேளையில் நாள் முழுவதும் படுத்தே கிடக்கவும் கூடாது. அன்று மாலையே துணையுடன் வீட்டிற்குள் மெல்ல நடப்பது, கால் நரம்புகளில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும்.

மருந்துப் பெட்டியில் ஒளிந்திருப்பவை

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் அனுமதியின்றி அவற்றை எடுக்கக் கூடாது. மருந்துக்கடைகளில் சாதாரண வலி மாத்திரையாகக் கிடைக்கும் பலவற்றில் பாராசிட்டமாலுடன் இபுபுரூஃபன் அல்லது டைக்ளோஃபெனாக் கலந்திருப்பது பலரும் கவனிக்காத ஒன்று. அட்டையின் பின்புறத்தைப் படித்த பின்னரே விழுங்க வேண்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரைகளையும் பொதுவாக நிறுத்தச் சொல்வர். ஆனால் இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தாமாக அதை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முடிவு இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து எடுக்க வேண்டியது.

நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் வீட்டு வைத்தியமும் இங்கே இடையூறாகலாம். தையல் மேல் மஞ்சள் பூசுவதும், ஒத்தடம் கொடுப்பதும் கூடா. கன்னமும் காதுமடலும் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் மரத்துப் போயிருக்கும். அந்நேரத்தில் சூடான துணியோ, நேரடியாக வைத்த பனிக்கட்டியோ, முடி உலர்த்தும் கருவியின் வெப்பமோ தோலைப் புண்ணாக்கினாலும் உணர முடியாது.

புகையிலை தனியே எச்சரிக்கைக்குரியது. நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், குறிப்பாகக் காதின் பின்புறத் தோல் கறுத்துப்போகும் ஆபத்து கூடுகிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் தலா நான்கு வாரங்களாவது புகைப்பழக்கத்தைக் கைவிடுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். வாயில் அடக்கும் குட்காவும் இதற்கு விலக்கன்று.

உணவு மென்மையாகவும் உப்புக் குறைவாகவும் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் வீக்கத்தை நீட்டிக்கும். தலைவழியே அணியும் உடைகளுக்குப் பதில் முன்புறம் பொத்தான் உள்ளவை வசதியானவை. தையல்கள் வழக்கமாக 5 முதல் 10 நாட்களுக்குள் பிரிக்கப்படும். தலைக்குக் குளிப்பதை மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்கலாம். எண்ணெய்க் குளியலும் முடிச்சாயமும் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டியவை.

வீக்கம் மூன்றாம், நான்காம் நாட்களில்தான் உச்சத்தை அடையும். கன்றல் கழுத்து வரை இறங்கி, இரண்டு மூன்று வாரங்களில் மங்கும். இருபக்க வீக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. இக்காலத்தில் கண்ணாடியில் தெரியும் முகத்தைக் கண்டு மனம் சோர்ந்து, செய்தது தவறோ என்று கலங்குவோர் பலர். அறுவையை உறவினரிடம் மறைத்தவர்களுக்கு இந்நாட்கள் இன்னும் கடினமாகின்றன. துணைக்கு ஒருவராவது உண்மை அறிந்தவராக இருப்பது மருத்துவ நோக்கிலும் தேவை. இறுதித் தோற்றம் தெரியச் சில மாதங்களும், தழும்பு மங்க ஓராண்டு வரையும் ஆகலாம். மகள் திருமணத்திற்கு ஒரு மாதம் முன்பு இந்த அறுவையைத் திட்டமிடுவது விவேகமாகாது.

வாய் ஒருபுறம் கோணுவது மரத்துப்போகச் செய்த ஊசியின் விளைவாக இருப்பின் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். மறுநாளும் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

டெல்லி, மும்பை போன்ற பெருநகரங்களுக்கு வெளியூரிலிருந்து வந்து அறுவை செய்துகொள்வோர், தையல் பிரிக்கும் வரையாவது மருத்துவமனைக்கு அருகில் தங்குவது பாதுகாப்பானது. அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவை, நாட்டின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பொதுவாக விலக்கப்பட்டுள்ளது. மீண்டும் அனுமதிக்க நேர்ந்தால் ஆகும் செலவையும், இரவில் எந்தத் தொலைபேசி எண்ணை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதையும் வீடு திரும்பும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.