ஐந்தாவது சில்லு

பிறேசில் தேசத்து றப்பர்க் கன்றுகள் 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்தினின்றும் இலங்கைக்கு வந்து, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மழை மிக்க தென்பாகத்தில் அம்மரம் செழித்தது. சுண்ணாம்புக் கல்லின்மேல் பனை வளரும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ, ரயர் என்பது என்றும் வெளியிலிருந்து வரவேண்டிய பொருளே. வரும் வழி அடைபட்டால் யாது நேரும் என்பது 1990 இல் விளங்கிற்று.

அவ்வாண்டில் போர் மீண்டும் மூண்டது. கண்டி வீதி மூடப்பட்டது. பொருளாதாரத் தடையும் தொடர்ந்தது. பெற்றோலும் மோட்டார் உதிரிப்பாகங்களும் அரிதாயின. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை ஏமாற்றலாம், ரயரை ஏமாற்ற இயலாது.

அக்காலத்துக் கார்களுக்குரிய பழைய முறையொன்று அப்போது பயன் தந்தது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மேலதிகச் சில்லு பின்வலப் பக்கம் வரும். பின்வலம் முன்னிடத்துக்கும், முன்னிடம் பின்னிடத்துக்கும், பின்னிடம் முன்வலத்துக்கும் போகும். முன்வலத்தது கழன்று ஓய்வு பெறும். இவ்வாறு ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் தேயும். மாற்றும்போதே தேய்வையும் படிக்கலாம். நடு மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகை; இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு; ஓர் ஓரம் மட்டுமாயின் முன்சில்லுகளின் நேர் பிசகியிருக்கலாம்.

ஆயினும் மைற்கணக்கு மட்டும் அக்காலத்துக்குப் போதவில்லை. எண்ணெயின்றி நின்ற வண்டியின் ரயர் ஓடாமலே கெடும். ஒரே இடத்தில் பாரம் தாங்கி உருக்குலையும். வெயில்பட்டுப் பக்கச் சுவர் வெடிக்கும். அத்தகைய ரயர் பார்வைக்குப் பூவேலை குறையாதது போலிருந்து பாதிவழியில் பிளக்கும். எனவே ஆழத்தை மட்டும் அளந்தவர் ஏமாந்திருப்பர். பக்கத்தை வளைத்து வெடிப்புத் தேடுவதே உண்மையான சோதனை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நாவற்குழி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். பெரும்பாலோர் கால்நடையாகவும் சைக்கிளிலும் சென்றனர். உழவு இயந்திரங்களும் பழைய கார்களும் அவர்களுக்கிடையே ஊர்ந்தன. நின்றால் பின்னால் வருவோரும் நிற்கவேண்டிய நெருக்கம் அது. முதியோரையும் நோயாளரையும் ஏற்றிய வண்டிக்கு அன்று நல்ல ஐந்தாவது சில்லு வாய்த்திருப்பின் அது பெரும் பேறு.

கண்டி வீதி 2002 இல் திறந்து புதிய ரயர்கள் வந்தன. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடியது. 2009 இற்குப் பின்னரே அவ்வழி நிலைத்தது.