நெல்லுக்கு 31, அரிசிக்கு 30

திருவையாற்றுப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது நெல். வெளியே வருவது அரிசி, தவிடு, உமி. நமக்கு இவை ஒரே வயலின் விளைச்சல். வணிகக்குறிப் பதிவேட்டிலோ விதை நெல் 31ஆம் வகுப்பு, அரிசி 30, மாட்டுத் தீவனத் தவிடு மீண்டும் 31, சமையலுக்கான தவிட்டெண்ணெய் 29, கூலிக்கு நெல் அரைத்துத் தரும் பணி 40. இந்தப் பிரிவினை எப்படி வந்தது?

இங்கிலாந்தில் 1875இல் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1876 ஜனவரி முதல் நாள் பதிவகம் திறந்தது. பீர் தயாரித்த 'பாஸ்' நிறுவனத்தின் சிவப்பு முக்கோணமே முதற் பதிவு. குறிகள் குவியக் குவிய, ஒன்றையொன்று ஒத்தவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? நூலகத்தில் நூல்களைப் பிரித்து அடுக்குவதுபோலப் பொருள்களையும் வகுத்தார்கள். 1957இல் பிரான்சின் நீஸ் நகரில் பல நாடுகள் கூடிப் பொதுவான முறை ஒன்றை ஏற்றன. இன்று அதில் 1 முதல் 34 வரை பொருள்கள். 35 முதல் 45 வரை சேவைகள்.

இந்தியாவில் முதல் வணிகக்குறிச் சட்டம் 1940இல் வந்தது. சேவைகளுக்கு இடம் தந்தது 1999ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பரில்தான். நீஸ் உடன்படிக்கையில் நாம் சேர்ந்தது 2019இல்.

சரியான வகுப்பைத் தேர்வது எப்படி? பொருள் எதனால் ஆனது என்பதைவிட, எதற்குப் பயன்படுகிறது என்று கேளுங்கள். சமையல் தேங்காயெண்ணெய் 29. தலைக்குத் தேய்க்கும் தைலம் 3. பொட்டலமிட்ட அசோகா அல்வா 30; அதையே இலையில் வைத்துப் பரிமாறும் உணவகம் 43. வீணை 15, கச்சேரி 41. ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்புகளைக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. விட்டுவிட்ட வகுப்பில் வேறொருவர் அதே பெயரைக் கேட்டால் தடுப்பது கடினம். பேராசையும் உதவாது, ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாத பதிவை நீக்கும்படி பிறர் கோரலாம்.

எண் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுமா? இல்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரைப் பயன்படுத்தியது. 1989இல் தொடங்கிய 'நந்தினி டீலக்ஸ்' உணவகம், பால் அடங்கிய அதே 29ஆம் வகுப்பில் வேறு உணவுப் பொருள்களுக்குப் பதிவு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரே வகுப்பில் இருப்பதாலேயே பொருள்கள் ஒத்தவை ஆகிவிடா என்று 2018இல் தீர்ப்பு வந்தது. பாலையும் பால் பொருள்களையும் நீக்கிவிட்டு உணவகத்துக்குப் பதிவு கிடைத்தது.

ஆகவே நண்பர்களே, வகுப்பு எண் என்பது அலமாரியின் எண்தான். உங்கள் வேலி, அந்த எண்ணின்கீழ் நீங்கள் எழுதிக்கொடுக்கும் பொருள்களின் பட்டியல். உழைத்துச் சேர்த்த நற்பெயரைக் காக்க விரும்புபவர், அப்பட்டியலைக் கவனமாக எழுதவேண்டும்.