புதுக்கோட்டைக் கல்குவாரிப் பெண்களும் அறிவொளி இயக்கமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லுடைத்துப் பிழைத்த பெண்கள் 1990-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் தாங்கள் வேலை செய்த குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினர். அதே காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின் வழியாக அவர்களில் பலர் எழுத்தும் கணக்கும் சைக்கிளும் கற்றனர். தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் இது குறுகிய காலமே நீடித்த ஒரு நிகழ்வு. ஆயினும் ஒரு தொழிலின் மீது மனிதருக்கு வரும் வெறுப்பும் பிடிப்பும் எதைப் பொறுத்தவை என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் அதிகமில்லை.

பின்னணி

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. பெரிய ஆற்றுப்பாசனம் இல்லாத வறண்ட நிலம் இது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் மட்டுமே வயல்வேலை உண்டு. நிலமற்ற குடும்பங்களுக்குப் பாறைகளே அடுத்த வழி. நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்காக அறிஞர்களிடையே புகழ்பெற்றது. அதன் சுற்றுவட்டாரத்துக் கூலித் தொழிலாளர்களுக்கோ அது குவாரிகள் உள்ள ஊர்.

வேட்டு வைத்துப் பாறையைப் பிளப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலை. பிளந்த கல்லைச் சுத்தியலால் ஜல்லியாக உடைப்பதும், கூடையில் சுமந்து லாரியில் ஏற்றுவதும் பெண்களுக்கு விடப்பட்டன. வெயிலில் பாறையும் சுடும், தூசி நெஞ்சை அடைக்கும், கல் தெறித்துக் கண் போவதும் உண்டு. ஆனால் உடல் வருத்தத்தை விடவும் பெரிய சுமை கணக்கில் இருந்தது. எத்தனை லோடு ஏறியது, அதற்கு என்ன கூலி, வாங்கிய முன்பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒப்பந்தக்காரர் சொன்னதுதான். படிப்பறியாதவர் அதை மறுக்க வழியில்லை. முன்பணத்தின் பெயரால் ஆண்டுக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடந்த குடும்பங்களும் இருந்தன.

குத்தகை கைமாறியது

1991-இல் மாவட்டத்தில் முழு எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதில் முன்னின்றார். கற்க வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். இதே காலத்தில் குவாரிப் பெண்கள் குழுக்களாகத் திரட்டப்பட்டு, அரசு நிலத்திலுள்ள குவாரிகள் அவர்கள் பெயரிலேயே குத்தகைக்கு விடப்பட்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் இதனால் பயன்பெற்றனர்.

வேலை மாறவில்லை. அதே பாறை, அதே சுத்தியல், அதே வெயில். மாறியது விலையைப் பேசுபவர் யார் என்பதுதான். லாரிக்காரரிடம் பேரம் பேசியதும், நடைச்சீட்டில் கையெழுத்திட்டதும், வந்த பணத்தைப் பங்கிட்டதும் அந்தப் பெண்களே. எழுத்தறிவு வகுப்பில் கற்ற எண்கள் மறுநாள் காலையிலேயே குவாரியில் உதவின. முதியோர் கல்வித் திட்டங்கள் பல இடங்களில் சோர்ந்துபோனதற்கும் இங்கு ஊக்கம் பிறந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இதில் காணலாம்.

சைக்கிள்

பெண் தொண்டர்கள் உள்ளடங்கிய ஊர்களுக்குச் சென்று சேர வேண்டும் என்ற தேவையிலிருந்து சைக்கிள் பயிற்சி இயக்கத்தின் ஓர் அங்கமாயிற்று. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இயக்கத் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாடல் ஊர் ஊராகப் பரவியது. சுமார் 18 மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அவர்களில் குவாரித் தொழிலாளர்களும் இருந்தனர். சிலர் பிறருக்குக் கற்றுத்தரும் நிலைக்கும் உயர்ந்தனர்.

கேலிப் பேச்சுக்குக் குறைவில்லை. பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பேருந்துக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், தண்ணீர்க் குடங்களைத் தலையில் சுமக்க வேண்டாம், அப்பனோ அண்ணனோ கொண்டுபோய் விடும்வரை நிற்க வேண்டாம். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. பொருளாதாரக் கணக்கு மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த உற்சாகம் எளிதில் விளங்காது. பிறர் சொல்லும் நேரத்துக்கு வந்து, பிறர் சொல்லும் கூலி வாங்கிப் பழகியவருக்கு, தானாகப் புறப்பட்டுத் தானாகத் திரும்புவதே பெரிய விஷயம்.

பின்னடைவு

1992 ஆகஸ்ட்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. குவாரிகளின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. குத்தகை என்பது குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் உரிமை. காலம் முடிந்தால் அரசின் முடிவே அதை நீட்டிக்கவோ நிறுத்தவோ முடியும். ஏலம் என்று வந்துவிட்டால் முன்பணம் கட்ட வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களோடு கூலிப்பெண்கள் போட்டியிட இயலாது. சில ஆண்டுகளிலேயே குவாரிகள் மீண்டும் ஒப்பந்தக்காரர்கள் வசம் சென்றன. தாங்கள் நடத்திய குவாரியிலேயே பெண்கள் மறுபடி கூலிக்கு நின்றனர்.

சாய்நாத்தின் கட்டுரைத் தொகுப்பும், வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து எழுதிய ஆங்கில நூலும் 1996-இல் வெளிவந்தன. இந்த நிகழ்வுகளைப் பற்றி இன்று வெளியுலகம் அறிவது பெரிதும் இவ்விரண்டின் வழியாகவே. கையால் உடைத்த ஜல்லியின் இடத்தைப் பிற்காலத்தில் கிரஷர் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. குத்தகை போயிருந்தாலும் இருந்த கூலி வேலையும் அதனால் குறைந்தது.