கொதிநீரும் மலையுயரமும்

கேணி என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலே பூண்ட பனிச்சங்கேணியில் நன்னீரை முகந்து கொதிக்கவைப்போர், அது ஏறக்குறையச் செல்சியசு 100 பாகையிற் கொதித்தலைக் காண்பர். கடல்மட்டத்தில் வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். நீரின் ஆவியமுக்கம் அவ்வளவை எய்தும்போதே நீர் கொதிக்கின்றது. வளியமுக்கங் குறைந்த நுவரெலியாவிலோ 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதிநிலையை அறிந்தவன் அமுக்கத்தையும், அமுக்கத்தை அறிந்தவன் இடத்தின் உயரத்தையும் கணிக்கலாம். வெப்பநிலையினின்று ஆவியமுக்கத்தைப் பெறும் வழி தெரிந்திருத்தல் ஒன்றே வேண்டுவது.

அவ்வழி எளிதிற் கிட்டியதன்று. 1801ஆம் ஆண்டில் மான்செசுற்றரில் யோன் தாற்றன், வெப்பநிலை கூட்டல் விருத்தியில் ஏறுங்கால் ஆவியமுக்கம் ஏறத்தாழப் பெருக்கல் விருத்தியில் ஏறுதலைக் கண்டார். ஆனால் அவ்விகிதம் மேலே செல்லச்செல்லச் சிறுத்தது. தத்தம் கொதிநிலையினின்று சம தொலைவிலே எல்லாத் திரவங்களின் ஆவியமுக்கமும் சமமே என அவர் கொண்ட கொள்கையும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தூய பதார்த்தமும் தனக்கென ஓர் ஒழுங்குடையது. நீராவிப் பொறிகளின் தேவை நோக்கிப் பிரெஞ்சு அரசின் ஆதரவுடன் றெஞோ பல்லாண்டு உழைத்து 1847இல் வெளியிட்ட அட்டவணைகள் அளவீட்டுத் திருத்தத்திற்கு இன்றும் புகழப்படுவன. காரணத்தை விளக்கியவர் வேறிருவர்: 1834இல் கிளப்பிரன், 1850இல் கிளௌசியசு. மறைவெப்பம் மாறாதெனக் கொள்ளின், ஆவியமுக்கத்தின் மடக்கை தனி வெப்பநிலையின் நிகர்மாற்றோடு நேர்கோட்டில் அமையுமென்பது அவர்தம் நெறியின் பயன். மறைவெப்பமோ மாறுவது, ஆதலின் கோடு சற்றே வளையும். அவ்வளைவை மூன்றாவதொரு மாறிலியாற் சீர்செய்தார் அன்ருவான், 1888இல்.

அச்சமன்பாடு பிறப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, அட்டவணையை நம்பி ஒருவர் கொதிநீரில் வெப்பமானியை அமிழ்த்தினார். அவர் பெயர் நைன் சிங். குமாவோன் மலைநாட்டு மிலம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்த பள்ளியாசிரியர். அந்நியர் புகவியலாத திபெத்தினுள் நில அளவைத் துறை அவரை மாறுவேடத்தில் அனுப்பிற்று. ஊன்றுகோலினுள் வெப்பமானி, கையிலே நூறு மணி கோத்த செபமாலை. நூற்றெட்டு மணியே மரபாதலின், கூர்ந்து எண்ணியவன் எவனாயினும் ஐயுற்றிருப்பான்! நூறு காலடிக்கொரு மணி தள்ளி வழியளந்து, 1866ஆம் ஆண்டு சனவரியில் அவர் இலாசா நகரை அடைந்தார்.

ஏறக்குறைய 3,650 மீற்றர் உயரமுள்ள அந்நகரில் நீர் 88 பாகையளவிற் கொதிக்கும். அன்ருவான் சமன்பாட்டில் நீருக்குரிய மாறிலிகளாகிய 8.07131, 1730.63, 233.426 என்பவற்றைக் கொண்டு மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். 88உடன் 233.426ஐக் கூட்டி, வருந் தொகையால் 1730.63ஐ வகுத்து, ஈவை 8.07131இனின்று கழித்தால் 2.687 எஞ்சும். அதனை மடக்கையாகவுடைய எண் ஏறக்குறைய 487; இலாசாவின் வளியமுக்கம் அத்தனை மில்லிமீற்றர். ஒரு பாகை தவறினால் உயரம் ஏறத்தாழ 300 மீற்றர் தவறும். நீர் தூயதாயிருத்தலும் வேண்டும். பனிச்சங்கேணி வாவியிற் கடல்நீர் ஏறியிருக்கையில் அந்நீரை முகந்து கொதிக்கவைப்பின், உப்பு ஆவியமுக்கத்தைத் தாழ்த்துவதால் கொதிநிலை அரைப் பாகையளவு உயரும். அதனைத் தூயநீரெனக் கருதிக் கணிப்பவனுக்கு வாவிக்கரை கடல்மட்டத்தின் கீழ் 150 மீற்றர் ஆழத்திற் கிடப்பதாகத் தோன்றும்!

நைன் சிங் கொணர்ந்த எண்களிலிருந்து உயரங்களைக் கணித்து அறிக்கை எழுதியவர் அவரை அனுப்பிய மொன்கொமெரி. 1868இல் இலண்டன் அரச புவியியற் கழக ஏட்டில் வெளிவந்த அவ்வறிக்கை, வெப்பமானியை நோக்கியவரைப் ‘பண்டிதர்’ என்றே குறித்தது. மீண்டும் செல்லவேண்டியவரின் உயிர்க்காப்புக் கருதி அவ்வாறு செய்தனர், அது நியாயமே. பெயர் சுட்டி அக்கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது 1877இலேதான்.