மார்த்தாண்ட வர்மா: பறிமுதலான படமும் மறக்கப்பட்ட மனிதர்களும்

1933ஆம் ஆண்டு திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப் படம் வெளியாயிற்று. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட, மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலே அதன் மூலம். நாவலின் உரிமை பெறப்படவில்லை என்று கூறி அதன் பதிப்பாளரான கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். சில நாள்களே ஓடிய படம் முடக்கப்பட்டது. படச்சுருள் பதிப்பாளர் வசம் போய்ச் சேர்ந்தது. மலையாளத் திரையுலகின் முதல் பதிப்புரிமை வழக்கு என்று இன்றளவும் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

படத்தை எடுத்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ். மலையாளத்தின் முதல் மௌனப் படமான 'விகதகுமார'னை எடுத்து, கைப்பொருள் அனைத்தையும் இழந்த ஜே.சி. டானியேலின் உறவினர் இவர். டானியேலின் படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசி, அந்த ஒரே காரணத்துக்காக ஊரை விட்டு விரட்டப்பட்டார். குடும்பத்தில் ஒருவருக்கு நேர்ந்த அழிவைக் கண்முன் கண்ட பிறகும் சுந்தர்ராஜ் அதே தொழிலில் துணிந்து இறங்கினார். அவருக்கு நேர்ந்ததும் அழிவே. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இலேயே வந்துவிட்டது. பேச்சுக்குப் பழகத் தொடங்கிய காலத்தில் மௌனப் படத்தை முடக்கி வைப்பது, வயலில் நிற்கும் கதிருக்கு நீரை நிறுத்துவது போன்றது. பின்னர் விடுவித்தாலும் பயனில்லை.

இயக்கியவர் பி.வி. ராவ். மார்த்தாண்ட வர்மாவாக ஜெய்தேவ் நடித்தார். மாறுவேடத்தில் திரிந்து இளவரசனுக்குத் துணைநிற்கும் அனந்தபத்மநாபனாக ஏ.வி.பி. மேனோனும், அவன் காதலி பாறுக்குட்டியாகப் பத்மினியும் தோன்றினர். தன் உறவினரையே எதிர்த்து இளவரசனைக் காக்கும் சுபத்திரையாகத் தேவகி நடித்தார். பெண்கள் மேடையேறுவதே இழிவாகக் கருதப்பட்ட நாளில் இவ்விருவரும் கேமராவின் முன் நின்றார்கள். வழக்கு மன்றத்தில் எடுத்தவர் ஒரு கட்சி, பதிப்பாளர் மறு கட்சி. நடித்தவர்கள் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆயினும் படம் நின்றபோது அவர்களுடைய உழைப்பும் பெட்டிக்குள் போயிற்று.

இனி, படம் சொல்லும் வரலாற்றுக்கு வருவோம். மருமக்கள் தாய முறைப்படி அரசுரிமை மார்த்தாண்ட வர்மாவுக்கு உரியது. முந்தைய அரசர் ராமவர்மாவின் மக்களான தம்பிமார், எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் துணையோடு அதை எதிர்த்தனர். அவர்களை ஒழித்து 1729இல் அவர் அரியணை ஏறினார் என்பதே நாவலின் களம். திருவாங்கூர் அரசர் சித்திரைத் திருநாளின் ஆறாட்டு ஊர்வலச் செய்திப்படக் காட்சியோடுதான் படம் தொடங்குகிறது. ஆளும் அரசரையும் அவர் முன்னோரையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டுகிற ஏற்பாடு இது.

ஆனால் நாஞ்சில் நாட்டுத் தமிழ் மக்களிடம் இதே வரலாறு 'தம்பிமார் கதை' என்னும் பெயரில் கதைப்பாடலாக வழங்குகிறது. அதில் தம்பிமார் துரோகிகள் அல்லர், வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர்கள். அவர்களுடைய தங்கை உம்மிணித்தங்கைக்காகக் கேட்போர் கண்ணீர் விடுகிறார்கள். வாடிப்பட்டியில் அமர்ந்து எழுதும் நமக்கும் இக்கதையில் பங்குண்டு. 1726இல் திருவாங்கூர் அரசு தன் எதிரிகளை அடக்க மதுரை நாயக்கரோடு உடன்படிக்கை செய்து படையுதவி பெற்றது. கூலிக்குப் போன மதுரைப் படை நாவலிலும் இடம்பெறுகிறது.

நாவல் யாருக்குச் சொந்தம் என்று 1933இல் வழக்காடினார்கள். ராமன் பிள்ளை 1922இலேயே காலமாகிவிட்டார். பதிப்பாளரின் உரிமை நியாயமானதே; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை வழக்கு மன்றம் தொடவில்லை, தொடவும் இயலாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் வாசகர்களே.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' அழிந்தது. 'விகதகுமாரன்' அழிந்தது. முடக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா'வோ பதிப்பாளரின் பொறுப்பில் நாற்பது ஆண்டுகள் கிடந்தது. பி.கே. நாயரின் காலத்தில், 1974இல், புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சிய மிகச் சிலவற்றுள் அதுவும் ஒன்றாயிற்று. திரையரங்குகளில் ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து மறைந்திருக்கவும் கூடும். படத்தைக் கொன்ற வழக்கே படச்சுருளைக் காத்தது.

சுருள் பிழைத்தது, சுந்தர்ராஜின் முதல் பிழைக்கவில்லை. டானியேலின் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது வழங்கி வருகிறது. அவர் காலமானது 1975இல். வாழ்ந்த காலத்தில் கிடைக்காத மதிப்பு அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சுந்தர்ராஜையும், ராவையும், தேவகியையும், பத்மினியையும் நம் திரை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு நகரமொன்றிலிருந்து ஒருவர் தம் பொருளைப் போட்டு எடுத்த படம் இது என்பதையாவது நாம் நினைவில் வைப்போம். நாவலைப் படிக்கிறவர்கள் தம்பிமார் கதையையும் தேடிப் படித்தால், பேசாத அந்தப் படம் பேச மறந்ததும் காதில் விழும்.