பணி முதல் பணியோட்டம் வரை: தரவுச் செயலாக்கக் கட்டளைமுறையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பல படிகளாக நிகழும் தரவுச் செயலாக்கத்தில் எப்படி முந்தையது, எப்படி பிந்தையது, ஒரு படி பிழைபட்டால் அடுத்து நிகழ வேண்டுவது யாது என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. இவற்றிற்கு விடை காணும் பொறுப்பு துளையட்டைக் காலத்தில் இயந்திரத்தின் அருகில் நின்ற இயக்குநரிடம் இருந்தது. இன்று அது மேகக் கணிமையின் நிரலாக்க இடைமுகத்தின் வழியே முன்கூட்டியே எழுதப்படும் விதியாக மாறியுள்ளது. இம்மாற்றத்தின் படிநிலைகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. மனிதத் தீர்ப்பு இவ்வரலாற்றில் நீக்கப்படவில்லை. பிழை நிகழும் நேரத்திலிருந்து விதி எழுதப்படும் நேரத்திற்கு அது முன்நகர்த்தப்பட்டது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மேகக் கணிமை, நிரலாக்க இடைமுகம், பணியோட்டம், தொகுதிச் செயலாக்கம், சார்புநிலை, கட்டுப்பாட்டு அட்டை

முன்னுரை

கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் நிரல்மொழிகளின் தோற்றத்தையும் முதன்மைப்படுத்துவர். ஒரு நிரல் முடிந்தபின் அடுத்த நிரலை யார் தொடங்குவது என்னும் வினா அவர்களின் கவனத்தை அரிதாகவே பெறுகிறது. ஆயினும் பெருந்தரவைக் கையாளும் எந்த நிறுவனத்திலும் அன்றாட உழைப்பின் கணிசமான பகுதி இவ்வினாவைச் சுற்றியே அமைகிறது. தரவைப் பெறுதல், தூய்மை செய்தல், இணைத்தல், தொகுத்தல், வெளியிடுதல் என்னும் படிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று பிறழின் பின்வருவன யாவும் பிறழும். இப்படிகளின் கோவையே இங்குப் பணியோட்டம் எனப்படுகிறது. அதனை ஆள்வதற்கு எழுந்த கட்டளைமுறைகள் இயக்குநர், அட்டை, சார்புநிலை, இடைமுகம் என்னும் நான்கு கட்டங்களாக இக்கட்டுரையில் பகுத்து நோக்கப்படுகின்றன.

இயக்குநரின் காலம்

1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய அட்டவணைப் பொறிகள் பயன்பட்டன. ஒவ்வொரு மனிதரைப் பற்றிய விவரமும் ஓர் அட்டையில் துளைகளாக இடப்பட்டது. பொறி எண்ணியது; ஆனால் எந்த அட்டைக் கட்டினை எப்போது எந்தப் பொறியில் இடுவது என்பதை மனிதர் முடிவு செய்தனர். அட்டை மடங்கியிருந்தால் கண்டு விலக்கியதும், எண்ணிக்கை ஐயத்திற்கு இடமாயின் கட்டினை மீண்டும் ஓட்டியதும் அவர்களே. பணியோட்டம் என்பது அந்நாளில் எழுதப்படாத அறிவாக, பணியாளரின் பழக்கத்தில் உறைந்திருந்தது.

மின்னணுக் கணினிகள் வந்தபின் இந்நிலை பொருளாதாரச் சிக்கலாயிற்று. பெருஞ்செலவில் நிறுவப்பட்ட இயந்திரம், ஒரு பணி முடிந்து மறுபணி தொடங்கும் இடைவெளியில் வாளா இருந்தது. இதனைத் தவிர்க்க, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் இணைந்து 1956இல் ஐ.பி.எம். 704 கணினிக்காக ஒரு மேற்பார்வை நிரலை உருவாக்கின. ஒரு பணி முடிந்தவுடன் வரிசையிலுள்ள அடுத்த பணியை அது தானே தொடங்கியது. இயங்குதளங்களின் முன்னோடியாகக் கருதப்படும் இந்நிரல், மேற்கூறிய மூன்று வினாக்களுள் வரிசை பற்றியவற்றை மட்டுமே இயக்குநரிடமிருந்து பெற்றுக்கொண்டது. பிழை பற்றிய வினா அவரிடமே எஞ்சியது.

அட்டையில் எழுதிய விதி

ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தின் இயங்குதளத்தோடு ஜே.சி.எல். எனப்படும் பணிக் கட்டுப்பாட்டு மொழி தோன்றியது. இம்மொழியில் மூவகைக் கூற்றுகள் முதன்மையானவை. 'ஜாப்' என்னும் கூற்று பணியின் தொடக்கத்தைக் குறிக்கும். 'எக்ஸெக்' என்பது பணிக்குள் அடங்கிய ஒரு படியை இயக்கும். 'டிடி' என்பது அப்படிக்குத் தேவையான தரவுக் கோப்பினைச் சுட்டும். ஒவ்வொரு படியும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சுழியம் என்பது நலமாக முடிந்தமையையும், 4, 8, 12, 16 என உயரும் எண்கள் வரவரக் கடுமையான பிழையையும் உணர்த்துதல் மரபாயிற்று.

பிழை பற்றிய தீர்ப்பு எழுத்து வடிவம் பெற்றதை இங்குக் காணலாம். 'காண்ட்' என்னும் அளவுருவின் வழியே, முந்தைய படி தந்த எண்ணைப் பொறுத்து அடுத்த படியைத் தவிர்க்குமாறு நிரலர் ஆணையிட முடிந்தது. ஆனால் இவ்வளவுரு, எந்நிலையில் படி இயங்க வேண்டும் என்று கூறாமல், எந்நிலையில் அது தவிர்க்கப்பட வேண்டும் என்றே கூறியது. இத்தலைகீழ்த் தருக்கம் பலரையும் தடுமாறச் செய்தது. அவ்வியங்குதளத்தின் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கிய பிரெடரிக் புரூக்ஸ், 2010இல் வெளிவந்த 'தி டிசைன் ஆஃப் டிசைன்' என்னும் நூலில், தம் பொறுப்பில் உருவான இம்மொழியைத் தாமே கடுமையாகக் குறை கூறுகிறார். அதனை ஒரு நிரல்மொழி என்று எவரும் எண்ணாமல், சில கட்டுப்பாட்டு அட்டைகள் என்றே எண்ணி வடிவமைத்தமையே குறைக்குக் காரணம் என்பது அவர் கருத்து.

இவ்விளக்கம் வரலாற்று நோக்கில் முதன்மை வாய்ந்தது. வரிசையும் பிழைத் தீர்ப்பும் இயக்குநரின் எளிய வேலை என்று மதிப்பிடப்பட்டமையால், அவற்றை எழுதும் மொழியும் எளியதாகப் போதும் என்று கொள்ளப்பட்டது. எழுதத் தொடங்கிய பின்னரே அவ்வேலையில் அடங்கியிருந்த அறிவின் அளவு வெளிப்பட்டது.

வரிசையிலிருந்து சார்புநிலைக்கு

பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளம் வேறொரு வழியை மேற்கொண்டது. டக்ளஸ் மெக்கில்ராயின் கருத்தின்படி 1973இல் கென் தாம்சன் அமைத்த 'குழாய்' என்னும் வசதி, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக நேரே செலுத்தியது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தொடங்கும் 'கிரான்' என்னும் கருவி 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது.

இவற்றினும் ஆழமான மாற்றத்தைத் தந்தது 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' என்னும் கருவி. அவருடைய உடன்பணியாளர் ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமையால் பழைய நிரலே இயங்கிக்கொண்டிருந்தது. இந்நிகழ்வே 'மேக்' தோன்றக் காரணமாயிற்று. இக்கருவியில் நிரலர் படிகளின் வரிசையை எழுதுவதில்லை. எந்தக் கோப்பு எந்தக் கோப்பினைச் சார்ந்தது என்பதை மட்டுமே எழுதுகிறார். கோப்புகள் மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, எப்படிகளை எவ்வரிசையில் இயக்குவது என்பதைக் கருவியே உய்த்துணர்கிறது.

ஜே.சி.எல். வரிசையைக் கூறியது, 'மேக்' வரிசைக்கான காரணத்தைக் கூறியது. தொடர்ந்து வந்த பணியோட்டக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே பின்பற்றின. படிகளைப் புள்ளிகளாகவும் சார்புகளைத் திசையுடைய கோடுகளாகவும் கொண்ட, சுழற்சியற்ற வரைபடம் அவற்றின் பொது வடிவமாயிற்று.

இடைமுகத்தின் எழுச்சி

2004இல் கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் ஆகியோர் 'மேப்ரெட்யூஸ்' பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். பணியைக் கூறுகளாக்கிப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து, ஒரு கணினி பழுதுற்றால் அதன் கூற்றை மற்றொன்றில் தானே மீண்டும் இயக்கும் முறையை அது விளக்கியது. 2006இல் 'ஹடூப்' என்னும் திறந்த மூலத் திட்டம் இம்முறையை அனைவர்க்கும் பொதுவாக்கியது. அதே ஆண்டில் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்கு வழங்கத் தொடங்கியது. இணைய வழி அனுப்பும் ஒரு வேண்டுகோளால் கணினியைத் தோற்றுவிக்கவும் நீக்கவும் இயன்றது.

இவ்விரு போக்குகளும் இணைந்த முற்கால எடுத்துக்காட்டு, 2007இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் ஆவணத் தொகுப்பை எண்மியமாக்கிய நிகழ்வு. 1851 முதல் 1980 வரையிலான இதழ்களின் 4 டெராபைட் அளவுள்ள படக்கோப்புகள், 100 வாடகைக் கணினிகளில் ஹடூப் வழியே ஏறத்தாழ 24 மணி நேரத்தில் 1.1 கோடி பி.டி.எஃப். கோப்புகளாக மாற்றப்பட்டன. பணி முடிந்தபின் கோப்புகளில் ஒரு பிழை கண்டறியப்பட்டு முழுப் பணியும் மீண்டும் ஒருமுறை இயக்கப்பட்டது.  பிழையைக் கண்டது மனிதக் கண். பணி முடிந்தது என்னும் செய்திக்கும் பணி செம்மையாக முடிந்தது என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை இந்நிகழ்வு காட்டுகிறது.

2009இல் அமேசான் ஹடூப் பணிகளையே ஒரு சேவையாக வழங்கியது. அதன் இடைமுகச் சொற்கள் நுணுகி நோக்கத்தக்கவை. பணியைத் தொடங்கும் ஆணையின் பெயர் 'ரன்ஜாப்ஃப்ளோ'. அதனுள் சேர்க்கப்படுபவை 'ஸ்டெப்' எனப்படும் படிகள். ஒவ்வொரு படிக்கும் 'ஆக்ஷன்ஆன்ஃபெயிலியர்' என்னும் அளவுரு உண்டு. படி தோல்வியுற்றால் கணினித் திரளையே நீக்குவதா, எஞ்சிய படிகளைக் கைவிட்டுக் காத்திருப்பதா, தொடர்வதா என்பதை அது முன்னரே அறிவிக்கிறது. 1960களின் அட்டைகளில் இருந்த 'ஜாப்', 'ஸ்டெப்' என்னும் சொல்லிணையும் 'காண்ட்' அளவுருவின் பணியும் இங்குத் தொடர்வது வெளிப்படை. பொறியமைப்பு முற்றிலும் மாறியபோதும் வினாக்கள் மாறவில்லை என்பதற்கு இச்சொற்களே சான்று.

பணியோட்டத்தை எழுதும் முறையிலும் மாற்றம் நிகழ்ந்தது. யாஹூவில் உருவான 'ஊஸி' அதனை எக்ஸ்.எம்.எல். ஆவணமாக எழுதியது. ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014இல் மாக்சிம் போஷமின் தொடங்கிய 'ஏர்ஃப்ளோ' அதனைப் பைத்தான் நிரலாகவே எழுதியது. புரூக்ஸ் குறிப்பிட்ட குறைக்கு அரை நூற்றாண்டு கடந்து கிடைத்த தீர்வாக இதனைக் கொள்ளலாம். 2020 டிசம்பரில் வெளிவந்த ஏர்ஃப்ளோவின் இரண்டாம் பெரும்பதிப்பு, பிற நிரல்கள் பணியோட்டங்களைத் தொடங்கவும் நிலையறியவும் உதவும் நிலையான இடைமுகத்தை உடன் கொண்டிருந்தது.

நிலைச்சொற்களும் அவற்றின் எல்லையும்

இடைமுகத்தின் வழியே ஆளப்படும் பணி, ஆள்பவருக்குச் சில நிலைச்சொற்களாகவே முதலில் தோன்றுகிறது. கூகுள் நிறுவனத்தின் 'டேட்டாஃப்ளோ' சேவையில் ஒரு பணி ஓடுகிறது, முடிந்தது, தோல்வியுற்றது, கைவிடப்பட்டது, வடிக்கப்பட்டது என்பன போன்ற நிலைகளுள் ஒன்றில் இருக்கும். தொடர்ந்து வரும் தரவைக் கையாளும் பணியை நிறுத்த இரு வழிகள் உள்ளன. கைவிடல் உடனே நிறுத்தும். நடுவழியிலுள்ள தரவு இழக்கப்படலாம். வடித்தல் புதிய தரவை ஏற்பதை மட்டும் நிறுத்தி, ஏற்றவற்றைச் செயலாக்கி முடித்தபின் ஓயும். பழைய இயக்குநர் நிலைமை கண்டு செய்த தேர்வு இங்கு இரு சொற்களுக்கிடையே செய்யும் தேர்வாகியுள்ளது.

மீளியக்கமும் இத்தகையதே. அமேசானின் 'ஸ்டெப் ஃபங்ஷன்ஸ்' சேவையில் இயல்பு வகைப் பணியோட்டம் ஓராண்டு வரையும், 2019இல் சேர்க்கப்பட்ட விரைவு வகை ஐந்து நிமிடம் வரையும் நீளலாம். விடைக்குக் காத்திராமல் அழைக்கப்படும் விரைவு வகை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை இயங்கவும் கூடும். எனவே எத்தனை முறை இயக்கினும் விளைவு ஒன்றாகவே அமையுமாறு படிகளை எழுதும் கடமை நிரலரைச் சேர்கிறது. பணம் செலுத்தும் படி இருமுறை இயங்கலாகாது என்பதை அட்டை அடுக்கிய இயக்குநர் தம் பட்டறிவால் அறிந்திருப்பார். இடைமுகம் அதனை அறியாது.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் சேமிப்பிடச் சேவை வட வர்ஜீனியாவில் சில மணி நேரம் முடங்கியது. ஊழியர் ஒருவர் இட்ட கட்டளையில் உள்ளீடு பிழையாக அமைந்ததால், கருதியதைவிட மிகுதியான கணினிகள் நீக்கப்பட்டன என்று அந்நிறுவனம் விளக்கமளித்தது. சேவையின் நிலையைக் காட்டும் பலகையும் அதே சேமிப்பிடத்தைச் சார்ந்திருந்தமையால், முதல் இரண்டு மணி நேரம் அதனைப் புதுப்பிக்க இயலவில்லை. பின்னர் அந்நிறுவனம் தன் கருவியை மாற்றியமைத்தது: கணினிகள் மெதுவாகவே நீக்கப்படும், குறைந்தபட்ச அளவிற்குக் கீழ் செல்லும் நீக்கம் தடுக்கப்படும். ஒரு தவறு பாடமாகி, பாடம் விதியாகி, விதி கருவிக்குள் புகுந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பணியோட்டத்தின் வரலாறு மனிதர் விலக்கப்பட்ட வரலாறு அன்று. பிழை நேர்ந்தபின் செய்த தீர்ப்பு, நேர்வதற்கு முன்பே எழுதும் விதியாக மாறிய வரலாறு அது. இரண்டாவது, அவ்விதி எதிர்நோக்கிய பிழைகளை மட்டுமே ஆளும். எதிர்நோக்காதவை நாளிதழ் எண்மியமாக்கத்தில் நிகழ்ந்ததுபோல் வெற்றி என்னும் நிலைச்சொல்லின் கீழ் மறைந்து நிற்கும்.

மூன்றாவது, விதியின் இருப்பிடமும் மாறியுள்ளது. அட்டைக் கட்டு அதனை எழுதிய நிறுவனத்தின் பேழையில் இருந்தது. இன்றைய விதி, பிறரொருவர் வழங்கும் இடைமுகத்தின் சொற்களில் எழுதப்படுகிறது. அமேசான் 2012இல் அறிமுகப்படுத்திய 'டேட்டா பைப்லைன்' சேவை 2024இல் புதிய பயனர்க்கு மூடப்பட்டது. இடைமுகம் மறையின் அதன் சொற்களில் எழுதிய விதியும் இயங்காத ஆவணமாகிவிடும்.

எண்மியமாக்கிய நாளிதழ்களையும் சொல்லடைவுகளையும் புள்ளிவிவரத் தொகுப்புகளையும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கு இது நேரடித் தொடர்புடைய செய்தி. ஓலையைப் படியெடுத்தவரின் இயல்பை அறியாமல் பாடவேறுபாட்டைத் தீர்மானிக்க இயலாது. அதுபோலவே, தரவு எப்படிகளின் வழியே வந்தது, எவை மீண்டும் இயக்கப்பட்டன, எவை தவிர்க்கப்பட்டன என்பதை அறியாமல் அதன் நம்பகத்தன்மையை மதிப்பிட இயலாது. ஆகவே எண்மியத் தொகுப்புகளை உருவாக்கும் நிறுவனங்கள் தரவோடு பணியோட்ட வரையறையையும் இயக்கப் பதிவுகளையும் இடைமுகத்திற்கு வெளியே, எளிய உரைவடிவில் காத்தல் வேண்டும். தொகுப்பின் முன்னுரையில் அவற்றின் இருப்பிடத்தைச் சுட்டுவது பதிப்பு நெறியின் ஒரு கூறாக ஏற்கப்படுதல் தக்கது.